கையெழுத்தும் அச்செழுத்தும்
(தமிழ் இதழ்ப் பக்கங்களில் கையெழுத்து வடிவங்களின் வரலாறு)

முன்னுரை

அச்சிட்ட நூலொன்றைக் கையில் எடுக்கும் வாசகர், அதன் சொற்களைப் படிக்கும் முன்னரே எழுத்துகளின் தோற்றத்தைப் பார்த்துவிடுகிறார். தலைப்பு எத்தகைய எழுத்தில் அமைந்துள்ளது, கவிதை எந்த எழுத்தில் அச்சாகியுள்ளது என்பவை, உள்ளே வரவிருக்கும் பொருளைப் பற்றிய முதற்குறிப்பை அவருக்குத் தந்துவிடுகின்றன. இன்று கணிப்பொறியின் துணைகொண்டு மலர்களையும் இதழ்களையும் வடிவமைப்போர், கையால் எழுதியது போன்ற தோற்றம் தரும் எழுத்துருக்களைப் பெரிதும் நாடுகின்றனர். திருமண அழைப்பிதழ் முதல் கவிதை நூலின் மேலட்டை வரை இவ்வெழுத்துருக்கள் இடம்பெறுகின்றன.

இவ்வழக்கம் புதியதாகத் தோன்றினும், இதன் வேர் தமிழ் எழுத்தின் நெடிய வரலாற்றில் உள்ளது. கையெழுத்திலிருந்தே அச்செழுத்து பிறந்தது. பின்னர் அச்செழுத்தின் தேவைகள் கையெழுத்தை மாற்றின. இப்போது அச்செழுத்து மீண்டும் கையெழுத்தைப் போலத் தோன்ற முயல்கிறது. இம்மூன்று நிலைகளையும் கொங்கு நாட்டுச் சான்றுகளை இயன்ற இடங்களில் முன்னிறுத்திக் காண்பதும், பக்க வடிவமைப்பில் கையெழுத்து வடிவங்களைக் கையாளும் முறையை ஆராய்வதும், நம் வீடுகளிலிருந்து மெல்ல மறைந்துவரும் ஒரு செல்வத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கொங்கு நாட்டின் தொல்லெழுத்துகள்

எழுத்து வரலாற்றில் கொங்கு நாட்டிற்குத் தனியிடம் உண்டு. நொய்யல் ஆற்றங்கரையில், சென்னிமலைக்கு அண்மையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறப்பட்ட பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஆட்பெயர்கள். மணிகளுக்குத் துளையிட்டும் இரும்பை உருக்கியும் வாழ்ந்த ஓர் ஊரின் மக்கள், தம் புழங்குபொருள்களில் தம் பெயரைத் தாமே கீறிவைத்தனர். ஓட்டுக்கு ஓடு எழுத்தின் அளவும் சாய்வும் அழுத்தமும் வேறுபடுகின்றன. அரசாணைகளின் சீர்மையை இங்கு எதிர்பார்க்க இயலாது; இவை தனிமனிதரின் கையெழுத்துகள்.

ஈரோட்டிற்கு அருகிலுள்ள அறச்சலூர் மலைக்குகையில் காணப்படும் பழங்கல்வெட்டு இன்னும் வியப்பிற்குரியது. தாளச் சொற்கட்டுகளைக் குறிக்கும் எழுத்துகள், கிடையாக ஐந்தும் நெடுக்காக ஐந்துமாக, கட்டமிட்டாற்போல் அங்கு பொறிக்கப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் ஒன்றுபோலவே படிக்குமாறு அவை அடுக்கப்பட்டுள்ளன. எழுத்துகளை இவ்வாறு இணைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்ற செய்தியும் அங்கேயே உள்ளது. எந்த எழுத்து எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று திட்டமிட்டு, அத்திட்டத்திற்குத் தன் பெயரையும் இட்டவனைப் பக்க வடிவமைப்பாளர்களின் முன்னோன் எனக் கொள்வதில் தவறில்லை.

பிற்காலத்தில் செப்பேடுகளும் ஓலை ஆவணங்களும் கொங்கு நாட்டில் பெருகின. ஈரோட்டுப் புலவர் செ. இராசு இவற்றை ஊர் ஊராகச் சென்று திரட்டிப் பதிப்பித்த பணி, இப்பகுதியின் சமுதாய வரலாற்றிற்கு அடிப்படையாக அமைந்தது. அவ்வாவணங்களின் செய்திகளை வரலாற்றறிஞர் பயன்படுத்தியுள்ளனர். அவற்றை எழுதியோரின் எழுத்து வேறுபாடுகளோ இன்னும் விரிவாக ஆராயப்படவில்லை.

ஓலையும் எழுத்தாணியும்

எழுதுபொருளே எழுத்தின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பனையோலையில் கூரிய எழுத்தாணியால் கீறும்போது, ஓலையின் நரம்போடு ஒட்டிச் செல்லும் நேர்க்கோடு ஓலையைக் கிழித்துவிடக்கூடும். வளைந்த கோடுகள் ஓலைக்கு ஏற்றவை. தமிழெழுத்துகள் வட்டமும் வளைவுமாகத் திரண்டதற்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறுவர்.

ஓலையில் எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் இடுவதில்லை. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதியே எனினும், நடைமுறையில் அது கைவிடப்பட்டிருந்தது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டப்படவில்லை. ரகரமும் ஆகாரக் காலும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. படிப்பவர் பயிற்சியாலும் பொருளறிவாலும் இவற்றைப் பிரித்தறிந்தனர். குறில் நெடில் வேறுபாட்டைத் தெளிவாக்கும் வடிவங்களை வழக்கிற்குக் கொண்டுவந்தவராக வீரமாமுனிவர் (1680–1747) போற்றப்படுகிறார். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், அவரையொத்த பதிப்பாசிரியர்கள் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியபோதும், பல்வேறு கைகளால் எழுதப்பட்ட ஏடுகளை ஒப்புநோக்க வேண்டியிருந்தது. ஏடெழுதியவரின் கைப்போக்கை அறிவதே பதிப்பறிவின் முதற்படியாக இருந்தது.

அச்சின் வருகை

தமிழெழுத்தில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அண்டிரிக் அடிகளார் தமிழாக்கிய பதினாறு பக்கச் சிறுநூல் அது. கோவாவில் 1577-இல் செய்த எழுத்துகளும் கொல்லத்தில் 1578-இல் செய்த எழுத்துகளும் அந்நூலிலேயே காட்டப்பட்டுள்ளன. அக்கால ஓலையெழுத்தைப் போன்றே அவை புள்ளியின்றி அமைந்தன. உலோகத்தில் எழுத்துகளை வெட்டியோருக்கு முன்மாதிரியாக அமைந்தது கையெழுத்தே என்பதற்கு இந்நூல் சான்றாகும்.

தரங்கம்பாடியில் சீகன்பால்க் நிறுவிய அச்சகத்திற்குச் செருமனியின் ஆலே நகரிலிருந்து 1713-இல் தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையும் அச்சாகி நிறைவுற்றது. தாளின் விலை எழுத்தின் அளவை மாற்றிய நிகழ்ச்சி இது. எழுத்தின் அழகைப் பற்றிய முடிவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் பொருட்செலவு நின்றிருப்பதை இவ்வரலாறு நெடுகிலும் காணலாம்.

அச்சகம் நடத்தும் உரிமைக்கு இருந்த தடைகள் 1835-இல் மெட்காப் காலத்தில் நீங்கியபின், தமிழர் நடத்தும் அச்சகங்கள் பெருகின. சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹண்ட் உருவாக்கிய எழுத்துகள் செம்மை மிக்கவை. 1862-இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் அகராதியில் அவற்றின் நேர்த்தியைக் காணலாம். இக்காலத்தில் அச்செழுத்து தனக்கென ஓர் ஒழுங்கைப் பெற்றுக் கையெழுத்தினின்று விலகி நின்றது. பள்ளிப் பிள்ளைகள் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிப் பழகினர். கையைப் பார்த்து அச்சு கற்ற நிலை மாறி, அச்சைப் பார்த்துக் கை கற்கும் நிலை தோன்றியது.

மேலைநாட்டு ஒப்புமை

மேலைநாட்டிலும் கையெழுத்து அச்சினுள் புகுந்த வரலாறு உண்டு. வெனிசு நகரின் ஆல்டசு மனூசியசு 1501-இல் வர்ஜிலின் நூலைச் சிறிய அளவில் வெளியிட்டபோது, அறிஞர்களின் விரைவுக் கையெழுத்தைப் பின்பற்றி பிரான்செசுகோ கிரிப்போ வெட்டிய சாய்வெழுத்தால் அதனை அச்சிட்டார். முழு நூலுக்கும் பயன்பட்ட அவ்வெழுத்து, பின்னர் அழுத்தம் தரவேண்டிய சொல்லுக்கும் நூற்பெயருக்கும் உரிய துணையெழுத்தாயிற்று. 1557-இல் பிரான்சின் லியோன் நகரில் ராபர்ட் கிரான்ஜோன் தம் நாட்டுக் கையெழுத்தையே உலோகத்தில் வடித்தார். 1953-இல் ரோஜர் எக்ஸ்கொபோன் உருவாக்கிய ‘மிஸ்ட்ரல்’ எழுத்து, அடுத்தடுத்த எழுத்துகள் கையால் கோத்து எழுதியதுபோல் இணையுமாறு அமைந்தது.

தமிழில் இத்தகைய வளர்ச்சி ஏற்படவில்லை. கையெழுத்திலிருந்து பிறந்த சாய்வெழுத்து தமிழ் அச்சில் வேரூன்றவில்லை. இன்று நாம் காணும் தமிழ்ச் சாய்வெழுத்துகளுட் பல, நிமிர்ந்த எழுத்தைக் கணிப்பொறியால் சாய்த்தவையே. தமிழ்க் கையெழுத்தில் எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியாகவே நிற்கும். உரோமன் எழுத்தைப் போலத் தொடர்ந்து கோக்கப்படுவதில்லை. எழுதுபவரின் தனித்தன்மை சுழியின் அளவிலும், கொம்பும் காலும் வந்து சேரும் முறையிலும், விரைவிலும் வெளிப்படுகிறது. ஆகவே மேலைநாட்டுக் கோப்பெழுத்தை அப்படியே தமிழுக்கு ஏற்றிவிட இயலாது.

தலைப்பெழுத்தும் ஓவியரும்

ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் அச்சகத்தில் தமிழுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் தேவைப்பட்டன. ஒவ்வோர் அளவிலும் ஒவ்வொரு வடிவிலும் முழுத் தொகுதி வாங்கி வைப்பது சிறு அச்சகங்களால் ஆகாத செயல். எனவே பெரிய தலைப்புகளுக்கு வகைவகையான எழுத்து கிடைப்பதில்லை. இக்குறையை நிறைவு செய்தவர்கள் ஓவியர்கள். கதையின் தலைப்பை ஓவியரே தூரிகையால் எழுதித் தர, அதனைத் துத்தநாகத் தகட்டில் ‘பிளாக்’ எடுத்துப் பக்கத்தில் பொருத்தினர்.

வார இதழ்கள் பெருகிய 1930-களிலிருந்து இவ்வழக்கம் செழித்தது. மாலி, கோபுலு, சில்பி, மணியம் முதலிய ஓவியர்களால் இதழ்ப் பக்கம் ஒரு தனிக்கலையாயிற்று. பேய்க்கதையின் தலைப்பு நடுங்கும், நகைச்சுவைக் கதையின் தலைப்பு துள்ளும், வரலாற்றுப் புதினத்தின் தலைப்பு கல்வெட்டைப் போல் நிமிர்ந்து நிற்கும். வாசகர் கதையை நினைவுகூரும்போது அதன் தலைப்பெழுத்தும் உடன் நினைவிற்கு வருமளவு இரண்டும் பிணைந்திருந்தன. இதழின் உட்பகுதி முழுவதும் ஈய எழுத்து. வாசகரை வரவேற்கும் வாயிலில் மட்டும் மனிதக் கை. இந்த வேலைப்பங்கீடு தேவையால் நேர்ந்ததே எனினும், வடிவமைப்புக்கு இன்றும் ஏற்ற நெறியாக உள்ளது.

கையெழுத்து இதழ்களும் ‘ஸ்டென்சில்’ தாளும்

அச்சகத்திற்குச் செல்லும் பொருள்வசதி இல்லாத இளைஞர்கள் கையெழுத்து இதழ்களை நடத்தினர். மு. கருணாநிதி திருவாரூரில் மாணவராக இருந்தபோது ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்து இதழை நடத்தினார். அவருடைய ‘முரசொலி’ 1942 ஆகஸ்டில் துண்டு வெளியீடாகத் தோன்றியது. நல்ல கையெழுத்து வாய்ந்தவரே இத்தகைய இதழ்களில் ஆசிரியருக்கு இணையான மதிப்பைப் பெற்றார். ஒரு படி மட்டுமே எழுதப்பட்டு, படிப்பகத்திலோ பள்ளியிலோ கைமாறிக் கைமாறிப் படிக்கப்படும் இதழ் அது. இறுதிப் பக்கங்களில் வாசகர் தம் கருத்தை எழுதுவதற்கு இடம் விடுவதும் உண்டு. இவ்வாறு ஆசிரியர் கையும் வாசகர் கையும் ஒரே தாளில் சந்தித்தன.

பல படிகள் தேவைப்பட்டபோது ‘சைக்ளோஸ்டைல்’ பொறி துணைபுரிந்தது. மெழுகு பூசிய ‘ஸ்டென்சில்’ தாளின்மீது இரும்பு முனையால் கீறி எழுதி, மை உருளையில் பொருத்திச் சுழற்றினால் நூற்றுக்கணக்கான படிகள் கிடைக்கும். ஓலையில் கீறிய எழுத்தாணி, நூற்றாண்டுகள் கடந்து மெழுகுத் தாளின்மீது மீண்டும் இயங்கியது என்றே கூறலாம். அழுத்தி எழுதினால் தாள் கிழியும் என்ற அச்சமும் ஓலைக்கும் மெழுகுத்தாளுக்கும் பொதுவானதே.

எழுத்தையே பெயராகக் கொண்ட சிற்றிதழ்கள்

தமிழ்ச் சிற்றிதழ்களின் பெயர்களை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய இதழின் பெயர் ‘எழுத்து’. 1970-இல் ‘கசடதபற’ வந்தது. 1972-இல் பரந்தாமனின் ‘அஃக்’ வெளிவந்தது. 1978-இல் ஆத்மாநாமின் ‘ழ’ தோன்றியது. எழுத்துகளே இதழ்களின் பெயராயின. பெயர் ஓர் எழுத்தாகவோ சில எழுத்துகளாகவோ இருக்கும்போது, அதன் வரிவடிவமே மேலட்டையின் ஓவியமாகிவிடுகிறது.

இக்காலப் பகுதியில் எழுத்தை ஓவியமாகக் காணும் பார்வை ஓவிய உலகிலும் வளர்ந்தது. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவரும், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவரும், 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவியவருமான கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையைத் தீட்டினார். படிப்பதற்காக அன்றிப் பார்ப்பதற்காகவே எழுத்து வரிகள் அவற்றில் இடம்பெற்றன. பழஞ்சாதகக் குறிப்பேடுகளை நினைவூட்டும் தோற்றம் அவற்றிற்கு உண்டு.

பணிக்கரின் காலத்தில் அக்கல்லூரியில் பயின்ற கே.எம். ஆதிமூலம் (1938–2008) இப்பார்வையை இதழ்ப் பக்கத்திற்குக் கொண்டுவந்தார். திருச்சி மாவட்டம் துறையூர்ப் பகுதியில் பிறந்த அவர், காந்தியடிகளின் கோட்டோவியங்களால் பெரும்புகழ் பெற்றவர். சிற்றிதழ்களின் பெயர்களையும் நூல்களின் தலைப்புகளையும் அவர் கையால் எழுதித் தந்தார். அவருடைய எழுத்துகளில் வார இதழ்த் தலைப்புகளின் வழவழப்பு இல்லை. பேனாவின் கீறலும் கோட்டின் சொரசொரப்பும் மறைக்கப்படாமல் நின்றன. ஓவியத்திற்கும் எழுத்திற்கும் ஒரே கோடு பயன்பட்டது. 1974-இல் தோன்றிய ‘க்ரியா’ பதிப்பகத்தின் நூல்கள், தமிழில் நூல் வடிவமைப்பைப் பற்றிய எண்ணத்தையே மாற்றின. அம்மாற்றத்தில் ஆதிமூலத்திற்கும் பங்குண்டு. ஓவியர் மருது முதலியோரும் தலைப்பெழுத்தில் தமக்கெனத் தனிவழி கண்டனர்.

கோவை நகரில் 1971-இல் ‘வானம்பாடி’ தோன்றியது. விலையிலாக் கவிமடல் எனத் தன்னை அறிவித்துக்கொண்ட அவ்விதழைச் சுற்றி முல்லை ஆதவன், சிற்பி, புவியரசு, ஞானி, மு. மேத்தா, சக்திக்கனல், அக்கினிபுத்திரன் முதலிய கவிஞர்கள் திரண்டனர். மரபுக்கவிதையை யாப்பு அடிபிரித்துத் தந்தது. புதுக்கவிதையிலோ எங்கு வரியை உடைப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பவை கவிஞரின் கையெழுத்துப் படியிலேயே முடிவாயின. அச்சுக்கோப்பவர் அந்த வரியமைப்பை மாற்றாமல் காக்க வேண்டியிருந்தது. இவ்வாறு கவிஞரின் கை, அச்சிட்ட கவிதையின் வடிவத்தினுள்ளும் புகுந்தது. வானம்பாடிக் கவிஞர் புவியரசுக்கு 2009-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த நூலின் பெயர் ‘கையொப்பம்’ என்பது ஈண்டு நினைவிற்கு வருகிறது.

ஈரோட்டில் தொடங்கிய சீர்திருத்தம்

அச்சின் தேவை கையெழுத்தை மாற்றிய வரலாற்றில் மிக முதன்மையான நிகழ்ச்சியும் கொங்கு மண்ணிலேயே தொடங்கியது. ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ இதழை நடத்திய தந்தை பெரியார், 1935-இல் எழுத்துச் சீர்திருத்த வடிவங்களைத் தம் இதழில் பயன்படுத்தத் தொடங்கினார். ணா, றா, னா ஆகியவற்றிற்கும் அவற்றின் ஒகர ஓகார வரிசைகளுக்கும் வழங்கிய சுழித்த கூட்டெழுத்துகளையும், ணை, லை, ளை, னை ஆகியவற்றிற்கு வழங்கிய, யானைத் துதிக்கை போல் மேலெழுந்து வளைந்த வடிவங்களையும் நீக்கி, ஏனைய எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் சேர்த்து எழுதுவதே அச்சீர்திருத்தம். கற்பதற்கு எளிமையும் அச்சுக்கோப்பதற்குச் சிக்கனமும் அதன் நோக்கங்கள். தமிழக அரசு 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் ஆணை பிறப்பித்து இப்பதின்மூன்று எழுத்துகளின் புதிய வடிவங்களை ஏற்றது.

சீர்திருத்தத்தின் பயன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. தட்டச்சுப் பொறிக்கும் பின்னர்க் கணிப்பொறிக்கும் தமிழ் எளிதில் இயைந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஆணை பிறந்த அன்றே கைகள் மாறிவிடுவதில்லை. பழைய வடிவங்களை இளமையில் கற்றவர்கள், அச்சிட்ட நாளிதழைப் புதிய வடிவில் படித்துக்கொண்டே, தம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும்போது பழைய ‘லை’யையும் பழைய ‘னா’வையும் இயல்பாக எழுதினர். அச்சிலிருந்து நீங்கிய எழுத்துகளுக்குக் கையெழுத்தே புகலிடமாயிற்று. 1978-இல் பள்ளிப்படிப்பை முடித்திருந்தோர் இன்று முதுமையை எட்டியுள்ளனர். அவர்களுக்குப் பின் அவ்வடிவங்களை இயல்பாக எழுதும் கைகள் இரா.

கணிப்பொறியும் கையெழுத்துருவும்

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள் போன்ற முயற்சிகளால் தமிழ் கணிப்பொறியில் ஏறியது. 1991-இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. சென்னையில் 1999-இல் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை அடுத்து ‘தமிழ் 99’ விசைப்பலகை ஏற்கப்பெற்றது. மறுதளிப்பு அச்சுமுறை பரவியமையால் ‘பிளாக்’ செலவும் மறைந்தது. ஓவியர் எழுதியதை நேரடியாகப் படமெடுத்து அச்சிடும் வசதி வந்த வேளையிலேயே, ஓவியரை அழைக்காமல் எழுத்துருவால் தலைப்பை அமைக்கும் வசதியும் வந்துவிட்டது. எளிமையானது வென்றது.

தொடக்ககால எழுத்துருக்கள் பெரும்பாலும் ஈய எழுத்தைப் பின்பற்றின. கையெழுத்துச் சாயலுடைய எழுத்துருக்கள் பின்னர்ப் பெருகின. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்து 2016-இல் கூகுள் வழியாகக் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்த ‘கவிவாணர்’ எழுத்துரு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. சாய்ந்து ஓடும் தமிழ்க் கையெழுத்தின் இயல்பை அது அச்சிற்குத் தந்தது.

எழுத்துருவுக்கும் கையெழுத்துக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. கையால் எழுதும்போது ஒரு சொல்லில் மும்முறை வரும் ககரம் மூன்று வகையாக அமையும். எழுத்துருவிலோ மூன்றும் ஒரே அச்சு. ஓர் எழுத்துக்குப் பல வடிவங்களைச் சேமித்து, இடத்திற்கேற்ப மாற்றித் தரும் நுட்பம் இன்றுள்ளது. அதே நுட்பத்தால் பழைய ‘லை’, ‘னா’ முதலிய கூட்டெழுத்துகளையும் எழுத்துருவில் அமைக்க இயலும். ஒருங்குறியில் எழுத்தின் குறியீடு மாறுவதில்லை. தோற்றத்தைத் தருவது எழுத்துருவே. ஆகவே பழைய வடிவங்களை மீட்பதற்குத் தொழில்நுட்பம் தடையன்று.

கையெழுத்து அச்சுக்கு முற்றிலும் ஏற்றதே என்பதைக் காட்டும் சான்று சென்னை நகரிலேயே உண்டு. 1927-இல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கிய ‘தி முசல்மான்’ என்னும் உருது நாளிதழ், கணிப்பொறிக் காலத்திலும் காத்திபுகள் எனப்படும் எழுத்துக் கலைஞர்களின் கையால் எழுதப்பட்டு, படமெடுக்கப்பட்டு, அச்சாகி வந்தது. அண்மையில் கிடைக்கும் செய்திக்கென முதற்பக்கத்தில் ஒரு மூலையை விட்டுவைத்து எழுதுவார்கள். உருதுவின் நஸ்தலீக் எழுத்துமுறைக்கு உலோக அச்சு நெடுங்காலம் பொருந்தாமற் போனதே இம்மரபு நிலைத்தமைக்குக் காரணம்.

பக்க வடிவமைப்பில் கையாளும் முறை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில நெறிகளைப் பெறலாம்.

முதலாவது, கையெழுத்துருவின் இடம் வாயிலே. வீடு முழுவதும் அன்று. தலைப்பு, காணிக்கை, சிறுகவிதை, மேற்கோள், கடிதப் பகுதி ஆகியவற்றிற்கு அது பொருந்தும். பத்துப் பக்கக் கட்டுரையை அதில் அமைத்தால் கண் களைத்துவிடும். பழைய இதழ்களின் வேலைப்பங்கீடு இங்கு வழிகாட்டும்.

இரண்டாவது, தெளிவு. ரகரமும் காலும், எகரமும் ஏகாரமும், ளகரமும் ஔகாரக் குறியும் கையெழுத்துச் சாயலில் எளிதில் மயங்கும். புள்ளி மங்கினால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். ஓலைக்காலத்து மயக்கங்களைக் கணிப்பொறிக் காலத்தில் மீண்டும் வரவழைத்தல் தகாது. முதியோர் மிகுதியாகப் படிக்கும் இலக்கிய மலர்களில் எழுத்தின் அளவைச் சற்றுக் கூட்டுதல் நலம்.

மூன்றாவது, பொருத்தம். ஒரு பக்கத்தில் ஒரு கையெழுத்துருவே போதும். மூன்று வகைகள் சேர்ந்தால் மூவர் ஒரே நேரத்தில் பேசுவதுபோலாகும். இரங்கற் கட்டுரைக்குத் துள்ளும் எழுத்தும், ஆய்வுக் கட்டுரைக்குச் சுழன்றாடும் எழுத்தும் பொருந்தா.

நான்காவது, நேர்மை. மறைந்த கவிஞரின் கடிதத்தை வெளியிடும்போது அதனைக் கையெழுத்துருவில் அமைத்து, அவர் கையெழுத்தே போன்ற மயக்கத்தை உண்டாக்குதல் கூடாது. உண்மைக் கடிதம் இருப்பின் அதன் படத்தையே வெளியிட வேண்டும். அருகில் அச்செழுத்தில் பாடத்தைத் தரலாம். எழுத்துரு எவருக்கும் பொதுவானது. கையெழுத்து ஒருவருக்கே உரியது.

முடிவுரை

கொடுமணல் ஓட்டில் பெயர் கீறிய கை, அறச்சலூர்க் குகையில் எழுத்தடுக்கிய கை, ஏடெழுதிய கை, தலைப்பெழுதிய ஓவியர் கை ஆகியவற்றின் தொடர்ச்சியே இன்றைய கையெழுத்துரு. அச்சு எவ்வளவு வளர்ந்தாலும், ஒரு மனிதர் நேரில் நின்று பேசுவது போன்ற உணர்வு தேவைப்படும் இடங்களில் வாசகர் கையெழுத்தையே நாடுகிறார். எழுத்துரு அத்தேவையை ஓரளவு நிறைவு செய்கிறது.

எழுத்துருக்கள் எத்தனையோ இனியும் உருவாகும். அவற்றிற்கு மூலமாக அமையவேண்டிய கைகள் காத்திரா. காரமடை அரங்கநாதரின் மாசித் தேர்த்திருவிழாவிற்கு வருமாறு உறவினரை அழைத்து எழுதிய அஞ்சலட்டைகள், பண்ணையத்து வரவுசெலவுக் குறிப்பேடுகள், மகளுக்குத் தாய் எழுதிய கடிதங்கள், பள்ளிகளில் நடத்திய கையெழுத்து இதழ்கள் ஆகியவை இப்பகுதி வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் இன்னும் இருக்கும். வீடு மாற்றும்போதும் பழைய தாள்களை எடைக்குப் போடும்போதும் அவை ஒவ்வொன்றாக மறைகின்றன. ஓலைச் சுவடிகளை ஆற்றில் விட்டதற்காக முன்னோரை நாம் குறை கூறுகிறோம். நம் காலத்துத் தாள்களை நாமே கைவிட்டால், அக்குறையை நமக்குப் பின்வருவோர் நம்மீது கூறுவர்.

இலக்கிய வட்டங்கள் இப்பணிக்கு மிகவும் ஏற்றவை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தோரின் கையெழுத்தில் ஒரு பக்கத்தையேனும் தேடியெடுத்து, உரியவரின் இசைவோடு படியெடுத்து, எழுதிய ஆண்டும் ஊரும் குறித்து வைக்கலாம். இன்று நம்மிடையே உள்ள எழுபது, எண்பது வயதினரை அமரவைத்து, உயிர்மெய் வரிசை முழுவதையும் அவர்கள் பள்ளியில் பயின்றவாறே எழுதித் தரச் செய்யலாம். ஒரு தாளும் ஒரு பேனாவும் அரைநாள் பொழுதுமே இதற்குத் தேவை. அத்தாள்களிலிருந்து பிற்காலத்தில் யாரேனும் ஓர் எழுத்துருவை வடிப்பாராயின், காரமடைப் பகுதியின் கை தமிழ் அச்சில் நிலைபெறும். பத்தாண்டுகளைக் கடந்து பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம், தன் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாக இதனை மேற்கொள்ளுமாயின், அது தமிழுக்குச் செய்யும் நிலைத்த தொண்டாக அமையும்.